விசாரணைக்கு ஒதுக்கிய பிள்ளை

தீப்பெட்டி ஆபீசின் மதிலுக்குப் பின்னால், ரயில் தண்டவாளத்துக்கும் கருவேலங்காட்டுக்கும் நடுவில் நாலு வரிசையாகக் கிடந்த அந்தக் காலனியில், சர்க்கார் உதவி கேட்டு எழுதிப் போட்டவர்கள் வீட்டுக்கு விசாரணை வருகிறது என்றால் முந்தின நாள் சாயங்காலமே வீட்டை ஒதுக்கிவிடுவார்கள். ஒதுக்குவது என்றால் கூட்டிப் பெருக்குவது என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம், அது இல்லை. டி.வி., மிக்சி, பீரோ, கட்டில், பைக் என்று எதெல்லாம் கண்ணில் பட்டால் ‘இவர்கள் ஏழை இல்லை’ என்று ஓர் அதிகாரிக்குத் தோன்றுமோ, அதையெல்லாம் தூக்கிக்கொண்டுபோய் அந்த வாரம் விசாரணை இல்லாத வரிசையில் யார் வீட்டிலாவது போட்டுவிட்டு, கிழிந்த பாயும் நசுங்கிய தட்டுமாக உட்கார்ந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார்கள். இதில் வேடிக்கை, அந்த மிக்சியும் டி.வி.யும் சர்க்காரே இலவசமாகக் கொடுத்தவை. அது ஒரு கையால் கொடுத்ததை அதன் கண்ணுக்கே மறைக்க வேண்டியிருந்தது. அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்லிவிடக் கூடாது. மிக்சி இருந்தும் அதில் போட்டு அரைக்க ஒன்றுமில்லாத நாட்கள் அவர்களுக்கு நிறைய இருந்தன, அதை எழுத விண்ணப்பத்தில் இடம் இல்லை, அவ்வளவுதான்.

விசாரணை வரும் செய்தியைத் தலையாரி சங்கையா கொண்டுவருவார். எந்த உதவிக்கு யார் எழுதிப் போடலாம், எதற்கு வருமானச் சான்று, எதற்கு ரேஷன் கார்டு நகல், கம்ப்யூட்டர் சென்டரில் எப்போது கூட்டம் குறைவு என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்லிவிட்டுத்தான் போவார். கேட்காத பிள்ளைக்குப் பால் இல்லை, ஆனால் கேட்கிறவன் கொடுக்கிறவன் கண்ணுக்கு இல்லாதவனாகத் தெரிய வேண்டும் என்பார். அவர் நல்லவர்தான். நல்லவர்கள் சொன்னதைக் கேட்டுத்தான் அந்தக் காலனி அந்தக் கதிக்கு வந்தது.

பழைய ஆர்.ஐ., அதாவது வருவாய் ஆய்வாளர், மாற்றலாகிப் போய்ப் புதிதாக ஓர் ஆர்.ஐ. அம்மா வந்தார். ஒல்லியான, அதிர்ந்து பேசாத பெண்மணி. யார் வீட்டிலும் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார், யார் சிபாரிசையும் கேட்க மாட்டார். வாசலில் நின்று வீட்டைச் சுற்றி ஒருமுறை மெதுவாகப் பார்த்துவிட்டு, “நான் கண்ணால பாத்ததத்தான் எழுதுவேன், காதால கேட்டத எழுத மாட்டேன்” என்று சொல்லிக் கருப்புப் பேனாவால் எழுதுவார். இல்லை என்று அவர் எழுதினால் அது இல்லை. வந்த புதிதில் அந்த அம்மாவை எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள், ஏனென்றால் எழுதிப் போட்ட அத்தனை பேருக்கும் உதவி கிடைத்தது.

அந்த முதல் விசாரணை முடிந்த சாயங்காலம், ஒதுக்கி வைத்த சாமான்களைத் திரும்ப எடுத்துவரப் போனவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள். டி.வி. வைத்த இடத்தில் டி.வி.யைக் காணோம். திருட்டுப் போய்விட்டது என்று ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டு அப்படியே உட்காரப் போனபோது, உட்கார்ந்தது கட்டிலின் மேல். கண்ணுக்குத்தான் தெரியவில்லை, கட்டில் போட்ட இடத்தில் போட்டபடி இருந்தது. தடவித் தடவித் தூக்கிப் பார்த்தார்கள். கனம் இருந்தது. வீட்டில் கொண்டுபோய் வைத்து சுவிட்சைப் போட்டதும் டி.வி. பாடியது, மிக்சி சுற்றியது, சட்னி வெறும் காற்றில் சுழன்று சுழன்று அரைபட்டது. ஆர்.ஐ. அம்மா பார்க்காமல் ‘இல்லை’ என்று எழுதிவிட்டதை இனி யாரும் பார்க்க முடியாது என்பது மட்டும் இரண்டு வரிசை விசாரணை முடிவதற்குள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

இதற்கு அந்தக் காலனி பயந்து நடுங்கியிருக்க வேண்டும். நடுங்கவில்லை. மாரியம்மன் கோவில் வேப்பமரத்தடியில் கூடிப் பேசி, நல்லதாகப் போயிற்று என்று முடிவு செய்தார்கள். இனிமேல் விசாரணைக்கு விசாரணை சாமான் சுமக்க வேண்டாம், திருடன் வந்தாலும் தட்டுத்தடுமாறி விழுவான். பீரோ இருக்கும் இடத்தைச் சுற்றிக் கோலமாவால் கோடு போட்டார்கள், பைக்கில் ஆட்டுக்குட்டியின் மணியைக் கட்டினார்கள், கட்டில் காலடியில் சிவப்புத் துணி விரித்தார்கள். விருந்தாளி வந்தால் “அங்க ஃபிரிட்ஜ் இருக்கு, இடிச்சிராதீங்க” என்று சொல்வது, செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல்வது மாதிரி சாதாரணப் பேச்சாகிவிட்டது.

மூன்றாவது வரிசை ஜோதிமணிதான் முதன்முதலில் ஆளை ஒதுக்கியவள். கணவன் கைவிட்ட பெண்களுக்கு மாதாமாதம் உதவி உண்டு என்று சங்கையா சொல்லப்போக, கைவிடாத கணவன் உத்தண்டை விசாரணை அன்றைக்கு மட்டும் கருவேலங்காட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, தாலியைச் சேலைக்குள் போட்டுக்கொண்டு அழுதாள். நன்றாகவே அழுதாள். சாயங்காலம் உத்தண்டின் குரல் மட்டும் வீட்டுக்கு வந்தது. அன்றைக்கு ஜோதிமணி போட்ட சத்தத்தில் காலனியே கூடிவிட்டது, ஆனால் காலனிக்குத்தான் பழக்கம் இருந்ததே, ஆள் இருக்கிறானா என்று தொட்டுப் பார்த்தார்கள், இருந்தான், அப்புறம் என்ன என்று கலைந்து போனார்கள். தட்டில் சோறு குறைந்தது, பீடிப்புகை மேலே போனது, உதவிப் பணமும் வந்தது. அடுத்த மாதமே இன்னும் சில பெண்கள் கைவிடப்பட்டார்கள்.

அந்த வரிசையில் அடுத்த வீடு சண்முகக்கனியுடையது. தீப்பெட்டி ஆபீசில் தீக்குச்சிகளைச் சட்டத்தில் சொருகிக் கட்டை அடுக்குகிறவள். புருஷன் காளிராஜ் அதே ஆபீசில் லோடு ஏற்றுகிறவன். மூத்தவள் அபிநயா நாலாம் வகுப்பு, இளையவள் ஹரிணி பால்வாடி, இவர்களுக்குப் பிறகு கைக்குழந்தை கவின், இன்னும் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்காத பயல். பெண்பிள்ளைகள் மட்டுமே உள்ள வீட்டுக்கு, பிள்ளைகள் பேரில் சர்க்கார் பணம் போட்டு வைக்கிறது, பதினெட்டு வயதில் எடுத்துக்கொள்ளலாம் என்று சங்கையா வந்து சொன்னார். ஆண்பிள்ளை இருந்தால் கிடையாது. கார்டில் பையன் இல்லையே, ஒரு பகலுக்கு ஒதுக்கினால் போதும் என்றார். கனி பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். முடியாது என்றுதான் முதலில் சொன்னாள். கைப்பிள்ளையைச் சாமான் மாதிரி ஒதுக்குவதா என்று காளிராஜிடம் சண்டை போட்டாள். ஆனால் அபிநயாவையும் நாளைக்குத் தன் பக்கத்திலேயே கட்டை அடுக்க உட்கார வைக்க வேண்டிவரும் என்ற பயம் அதைவிடப் பெரிய பயமாக இருந்தது. தீக்குச்சி மருந்து தின்ற தன் விரல்நுனிகளைப் பார்த்துக்கொண்டே, கண்ணுக்குத்தானே தெரியாது, கைக்கு இருப்பான், மடிக்கு இருப்பான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். விசாரணை அன்று அவனை ஜோதிமணி வீட்டில் தொட்டிலில் போட்டுவிட்டு வந்தாள். ஆர்.ஐ. அம்மா இரண்டு பெண்களின் தலையையும் தடவிவிட்டு, ஆண் குழந்தை இல்லை என்று எழுதினார்.

அதன்பிறகு கனி பிள்ளையைக் காணாமலே வளர்த்தாள். அவன் இருப்பதற்கு அடையாளமாகக் கொடியில் காயும் துணி மட்டும் போதாது என்று அவன் காலில் கொலுசு போட்டாள், நெற்றியில் வைத்த மை வைத்த உடனே மறைந்துபோனது, விழுந்தானா எழுந்தானா என்று கொலுசைக் கேட்டே தெரிந்துகொண்டாள். காளிராஜும் பெண்களும் அவனைக் காற்றிலிருந்து அள்ளி எடுத்துக் கொஞ்சினார்கள். அதுவரைக்கும் சமாளித்துவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் ஒரு மத்தியானம் ஜோதிமணி வீட்டுக்கு உப்பு வாங்கப் போனவள், அங்கே ஒரே ஒரு தட்டு போட்டிருப்பதைப் பார்த்தாள். உத்தண்டு அண்ணன் வேலைக்கா என்று கேட்டாள். “எந்த அண்ணன்?” என்றாள் ஜோதிமணி, விளையாட்டாக இல்லை, நிஜமாகவே தெரியாத முகத்தோடு. கனி வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். பீரோவைச் சுற்றிப் போட்டிருந்த கோலமாவுக் கோட்டின் மேல் ஜோதிமணி சாவகாசமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்; அங்கே இடிக்க ஒன்றும் இல்லை. அன்றைக்கு வீடு வீடாகப் போய்க் கேட்டாள். முதல் வரிசையில் டி.வி. பாடுவதை நிறுத்தி வெகுநாளாகியிருந்தது, அப்படி ஒரு டி.வி. இருந்ததே யாருக்கும் ஞாபகம் இல்லை. முதலில் கண்ணிலிருந்து போகிறது, பிறகு காதிலிருந்து, பிறகு கையிலிருந்து, கடைசியில் நெஞ்சிலிருந்தும் போய்விடுகிறது. கனி ஓட்டமாக ஓடி வந்து தொட்டிலுக்குள் கையை விட்டாள். பிள்ளை இருந்தான், சூடாக இருந்தான், ஆனால் அவன் அழுதது பக்கத்து வரிசையில் யாரோ அழுவது போல் கேட்டது.

அன்றிலிருந்து அவள் தூங்கவில்லை. பிள்ளையை இடுப்பை விட்டு இறக்கவில்லை. இளையவள் ஹரிணி, யாருக்கும்மா தொட்டில் கட்டியிருக்கு என்று கேட்டாள். காளிராஜ் ஒருநாள் வேலைவிட்டு வந்து தொட்டிலைக் கழற்றப் போனான். பய தூங்குறான், கழட்டாதீங்க என்று அவள் குறுக்கே விழுந்தபோது, “எந்தப் பய?” என்று கேட்டான். கேட்டுவிட்டு அவனே திடுக்கிட்டு, தலையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்து, ஆமா, பய, நம்ம பய என்றான். மறுநாள் அதுவும் சொல்லவில்லை. கனிக்கு மட்டும் மறக்கவில்லை, ஏனென்றால் நேரத்துக்கு நேரம் மார்பில் பால் கட்டிக்கொண்டு வலித்தது. ஒரு காலையில் பாலும் வற்றுகிற மாதிரி தோன்றியதும் அவள் பயந்துபோய், கலைந்த தலையோடு தாலுகா ஆபீசுக்குப் புறப்பட்டுவிட்டாள்.

ஆர்.ஐ. அம்மாவிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. எனக்கு ஒரு மகன் இருக்கான், நான்தான் ஒதுக்கி வச்சேன், பணம் வேண்டாம், அவனைப் பாருங்க என்று சொல்லி, வெறும் காற்றை அணைத்திருந்த கையை நீட்டினாள். அந்த அம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டுப் பாருங்க என்று இவள் நெருங்கியபோது நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஒன்றும் தெரியவில்லையே அம்மா, தெரியாததை நான் எப்படி எழுதுவது என்றார். கடைசியில், மனு எழுதிக் கொடுத்துவிட்டுப் போ, மறுவிசாரணைக்கு உன் வீட்டுக்கே வருகிறேன், உன்னையும் பிள்ளையையும் வைத்துப் பார்க்கிறேன் என்று அனுப்பிவைத்தார்.

செய்தி அவளுக்கு முன்னால் காலனிக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஒரு வீட்டைத் திரும்ப விசாரித்தால் எல்லா வீட்டையும் திரும்ப விசாரிப்பார்கள் என்று சங்கையா சொன்னார். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதியோர் பணம், விதவைப் பணம், கைவிடப்பட்டவர் பணம், வீட்டு மனை, எல்லாம் போகும், வாங்கியதைத் திரும்பக் கேட்பார்கள், கேஸ் வரும். வேப்பமரத்தடியில் கூடியவர்கள் யாரும் கனிக்கு விரோதிகள் இல்லை. அவளுக்குப் பிரசவம் பார்த்தவர்கள், அவள் காய்ச்சலில் கிடந்தபோது அவள் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர்கள். பயம் வந்தால் மனுஷன் நல்லவன் கெட்டவன் பார்த்துக்கொண்டா செய்கிறான். மறுவிசாரணை அன்று காலையில் அவளைக் கட்டை அடுக்கும் ஷெட்டுக்குக் கூப்பிட்டு, உள்ளே விட்டு, வெளியே பூட்டினார்கள். சத்தம் கேட்காதிருக்கக் கோவில் ஒலிபெருக்கிக் குழாயில் அம்மன் பாட்டை அலற விட்டார்கள். காளிராஜ் தடுக்கவில்லை. அவள் எதற்காக இப்படி ஆடுகிறாள் என்பதே அவனுக்கு ஞாபகம் இல்லை.

ஆர்.ஐ. அம்மா வந்தார். சண்முகக்கனி எங்கே என்று கேட்டார். அப்படி யாரும் இங்கே இல்லை என்று முதல் வரிசை சொன்னது, இரண்டாவது வரிசையும் சொன்னது. சங்கையா தலையைக் குனிந்துகொண்டு, அந்தப் பொம்பளை இந்த ஊரே இல்லைங்கம்மா, புத்தி சரியில்லாதது போலிருக்கு என்றார். அந்த அம்மா வீட்டுக்குள் பார்த்தார், தெருவைப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, அப்படி ஒருவர் இல்லை என்று எழுதினார்.

ஷெட்டுக்குள் கதவை அடித்து அடித்துக் கை வீங்கிப் போயிருந்த கனிக்கு அப்போது இடுப்பில் ஒரு காது தெரிந்தது. பிறகு கன்னம், மூக்கு. அவள் மகன் அவளைப் பார்த்துச் சிரித்தான்; கடி பட்டு மட்டுமே அவளுக்குத் தெரிந்திருந்த இரண்டு பல்லும் வெள்ளையாகத் தெரிந்தன. எவ்வளவு வளர்ந்துவிட்டான் என்று சந்தோஷத்தில் அவள் வாய்விட்டு அழுதுவிட்டாள். அழுதுகொண்டே நிமிர்ந்தவளுக்கு, கட்டைச் சட்டங்களுக்கு நடுவில் ஓர் ஆள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. தாடியும் எலும்புமாக உத்தண்டு. நீயும் வந்துட்டியா தங்கச்சி என்று வாயசைத்தான், குரல் வரவில்லை. அவனுக்குப் பின்னால் இன்னும் சில பேர். தானும் இல்லாதவர்களில் ஒருத்தியாகிவிட்டது கனிக்கு அப்போதுதான் புரிந்தது. தன்னை இனி யார் பார்ப்பார் என்று நினைத்தவளுக்கு வெளியே நிற்கிற இரண்டு பெண்களின் முகம் நெஞ்சில் வந்து முட்டியது.

வெளியே அந்த இரண்டு பேரும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காளிராஜுக்கு என்னவோ தொலைந்துபோன மாதிரி இருந்தது. எது என்று தெரியாமல் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. சங்கையாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. காதோடு காதாக, தாய் இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு திட்டம் இருக்கு, ஆர்.ஐ. அம்மா இங்கேயே இருக்கும்போதே சொல்லிவிடலாம் என்றார். காளிராஜ் மூக்கைச் சிந்தித் துண்டில் துடைத்துக்கொண்டான்.

“அதுக்கு என்னென்ன எழுதிக் குடுக்கணும்ணே?” என்று கேட்டான்.

விஷயத்தைக் கேட்ட ஆர்.ஐ. அம்மா அபிநயாவின் முன்னால் குனிந்து, உனக்கு அம்மா இல்லையா என்று கேட்டார். பிள்ளை காலனியைப் பார்த்தது. காலனி மொத்தமும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றது, அத்தனை கண்ணிலும் ஒரே பயம். இல்லை என்று சொல் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்தது.

“இருக்காங்க,” என்றாள். “ஷெட்டுல வச்சுப் பூட்டியிருக்காங்க. தம்பியும் கூட இருக்கான். தம்பிய நான் மறந்துட்டேன், இப்பத்தான் நெனப்பு வருது.”

யாரோ கோவில் பாட்டை நிறுத்தினார்கள். ஆர்.ஐ. அம்மா யாரையும் எதுவும் கேட்காமல் ஷெட்டை நோக்கி நடந்தார், பூட்டைத் திறக்கச் சொன்னார், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கட்டைச் சட்டங்களும் தூசியும்தான் இருந்தன. நான் இங்கதாம்மா இருக்கேன் என்று கனியின் குரல் அவர் முகத்துக்கு நேரே கேட்டது. அவர் ஓரடி பின்வாங்கினார். எல்லோரையும் போல அவரும் பயந்துவிட்டார் என்பதை வாசலில் நின்றவர்கள் பார்த்தார்கள். காதால் கேட்டதை எழுதுவதில்லை என்று திரும்பி ஓடிவிடுவார் என்றுதான் நினைத்தார்கள். அவர் ஓடவில்லை. பேனா பிடித்த கையை வெறும் காற்றில் நீட்டிக்கொண்டு, கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தபடியே நின்றார்.

அவர் கையிலிருந்த பேனாவை எதுவோ பிடித்து இழுத்தது. ஆர்.ஐ. அம்மா விடவில்லை, பேனாவையே பார்த்தார். பார்க்கப் பார்க்க, அதன் கருப்பு உடம்பின் மேல் ஒவ்வொன்றாக, எச்சில் ஈரத்தோடு, ஐந்து சின்ன விரல்கள் தெரிந்தன. பின்னால் நின்றுகொண்டிருந்த காலனி அதைப் பார்த்தது. பார்த்துவிட்டு ஒருவர் பின் ஒருவராகத் திரும்பி, சத்தம் போடாமல் அவரவர் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.